பாலைவனத்தில் ஆர்.வி.: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

லாஸ் ஏஞ்சல்ஸிலோ லாஸ் வேகாஸிலோ ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டுவண்டி) ஒன்றை எடுத்துக்கொண்டு மொஹாவி பாலைவனம், டெத் வேலி, அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்று இரண்டு பேராகச் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கான குறிப்பு இது. வண்டி என்று இங்கே சொல்வது ‘கிளாஸ் சி’ வகையை: ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டம், ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் இரட்டைச் சக்கரம், 24 முதல் 30 அடி நீளம். வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை இவைதான்.

பாலைவனத்தில் வண்டி தரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் உண்மையில் ‘ரிப்பேர்’ அல்ல. ரேடியேட்டர், கூரை ஏசி, பிரிட்ஜ் எல்லாமே உள்ளிருக்கும் சூட்டை வெளிக்காற்றில் கொட்டித்தான் வேலை செய்கின்றன. வெளிக்காற்றே 45 டிகிரியில் இருந்தால் கொட்டுவதற்கு இடமில்லை. அதனால் ஒரு அறிகுறி தெரிந்ததும் “எது உடைந்தது?” என்று தேடாமல், “எந்தச் சுமையைக் குறைக்கலாம்?” என்று முதலில் கேளுங்கள். சுமையைக் குறைத்தபின் சரியானால் பாகம் நன்றாக இருக்கிறது. சரியாகாவிட்டால்தான் கோளாறைத் தேட வேண்டும்.

இரண்டு பேர் இருப்பது இதற்குப் பெரிய வசதி. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் தூங்கக்கூடாது: ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள்ளையும் டயர் அழுத்தம் காட்டும் திரையையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “பாதி, பாதி, பாதிக்கு மேலே” என்று காதில் விழுந்தால் போதும். ஓட்டுபவர் முள் சிவப்புக்குப் போன பிறகு திடுக்கிட வேண்டியதில்லை.

கிளம்பும் முன் வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்கள். கோடையில் டெத் வேலிக்குள் போகக்கூடாது, மண் சாலையில் இறங்கக்கூடாது என்ற விதிகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. மீறினால் இழுவைச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

ஐ-15 நெடுஞ்சாலையில் பேக்கர் ஊரைத் தாண்டி வேகாஸ் பக்கம் போனால், ஏறத்தாழ 900 அடியிலிருந்து 4,000 அடி வரை ஒரே மூச்சில் ஏற்றம். சூடேறாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகையைச் சாலையோரத்திலேயே நட்டிருக்கிறார்கள். டெத் வேலிக்குள் நெடுஞ்சாலை 190-இல் 4,956 அடி உயரமுள்ள டவுன் கணவாயும் அப்படித்தான்.

முள் வழக்கமான இடத்தை விட்டு நகர ஆரம்பித்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. முன்பக்க ஏசியை அணையுங்கள். ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், அது சூடாக்கிய காற்றுதான் ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும்.
2. ‘டோ/ஹால்’ பொத்தானை (பாரத்துக்கும் மலைப்பாதைக்கும் ஏற்றபடி கியரை மாற்றவைப்பது) அழுத்தி, கியரை ஒன்று இறக்கி, வேகத்தை மணிக்கு 40–45 மைலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் சத்தம் கூடும்; கூடட்டும். சுற்று அதிகமானால் தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமாகச் சுழலும். பெரிய கியரில் ஆக்சிலேட்டரை மிதித்துத் திணறவிடுவதுதான் சூட்டை ஏற்றும்.
3. இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுச்சூட்டில், விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். பத்து நிமிட அவதி, எஞ்சின் பிழைக்கும்.
4. அப்படியும் ஏறினால், ஓரத்தில் கெட்டியான தரை பார்த்து நிறுத்துங்கள். ஆவியோ ஒழுக்கோ இல்லை, முள்ளும் சிவப்பைத் தொடவில்லை என்றால் எஞ்சினை அணைக்க வேண்டாம். பார்க்கில் போட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். திடீரென அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று, எஞ்சினின் மேல்பகுதியில் தேங்கிய சூடு இன்னும் ஏறும். ஆவி வந்தாலோ, கீழே ஒழுகினாலோ, முள் சிவப்பில் இருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் திடீரென வலுவிழந்து, ஏசி தானாக நின்று, எச்சரிக்கை விளக்கு எரிந்தால் புதிய கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஃபோர்டு எஞ்சின் அளவுமீறிச் சூடானால் சிலிண்டர்களை மாற்றி மாற்றி நிறுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அது நிறுத்த இடம் தேடுவதற்கான அவகாசம், ஊர் போய்ச் சேருவதற்கானது அல்ல.

ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பாவின் மூடியையோ சூட்டில் திறக்கவே கூடாது. சரிபாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 106 டிகிரியில் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) மூடியின் அழுத்தத்தில் 129 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணம் அழுத்தம் விலகி, உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடும், அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் தன்மையும் வந்த பிறகுதான் மூடி. பாலைவனப் பகலில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

ஊற்றக் கூலன்ட் இல்லையென்றால் தண்ணீர் போதும். ஆனால் எஞ்சின் ஆறிய பின், கொஞ்சம் கொஞ்சமாக. குடிநீரில் கைவைக்காமல் இதற்கென்று தனியாக 5 காலன், அதாவது 19 லிட்டர் கேன் ஒன்று வையுங்கள்.

ஒன்றை மட்டும் பயப்படாமல் விட்டுவிடலாம். ஏற்றத்தில் முன்பக்கம் விமானம் கிளம்புவதுபோல ஓவென்று இரைச்சல் எழுந்து, முள் கொஞ்சம் இறங்கியதும் அடங்கினால், சூடேறும்போது மட்டும் விசிறியை வேகமாகச் சுழற்றும் கிளட்ச் பிடித்து, பிறகு விட்டுவிடுகிறது என்று பொருள். வேலை செய்கிறது. முள் ஏறியும் அந்த இரைச்சலே வரவில்லை என்றால்தான் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். சமதளத்தில் 55 மைலில் போகும்போது சூடு சரியாக இருந்து, நிறுத்தி வைத்தாலோ ஊர்ந்தாலோ மட்டும் ஏறினாலும் விசிறிப் பக்கம்தான் கோளாறு. எல்லா வேகத்திலும் ஏறினால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், அல்லது ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிய பூச்சியும் தூசியும்.

இறக்கத்தில் பிரேக் வாடை அடிக்கிறது

டவுன் கணவாயிலிருந்து கடல்மட்டத்தில் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸுக்கு இறங்குவது சுமார் 1,500 மீட்டர் இறக்கம். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பாதியில் கருகல் வாடை வரும். இறங்கத் தொடங்கும் முன்பே டோ/ஹால், இரண்டாம் அல்லது மூன்றாம் கியர். வேகம் கூடினால் நன்றாக அழுத்தி மணிக்கு 10 மைல் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் கெடுதல்.

வாடை வந்துவிட்டால் மிதியைக் கவனியுங்கள். மிதி வழக்கம்போலக் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது, ஆறினால் திரும்பும். மிதி பஞ்சுபோல அமுங்கிக் கீழே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. ‘டாட் 3’ ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 அளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். இந்த நிலையில் மிதியை வேகவேகமாகப் பலமுறை அடித்து, கியரை இன்னும் இறக்கி, கிடைத்த முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது, டிஸ்க் விரிசல் விடும். மிதி பழையபடி ஆன பிறகும் ஆயிலை மாற்றும்வரை இன்னொரு பெரிய இறக்கத்தை நம்பி எடுக்காதீர்கள்.

டயர் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது

பாலைவனத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு இங்கேதான். மதியம் நிறுத்தி அளந்து பார்த்து, “ஐயோ, கூடிவிட்டது” என்று காற்றை இறக்கிவிடுவது. காலையில் 15 டிகிரியில் 75 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெளி வெப்பம் 45 டிகிரி ஆனாலே ஓடாமல் நின்றபடி ஏறத்தாழ 84 காட்டும். ஓடினால் இன்னும் கூடும். டயர் அதைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சூட்டில் காற்றை இறக்கினால், ஆறியதும் அழுத்தம் குறைந்துபோய், பக்கச்சுவர் அதிகம் வளைந்து, அந்த வளைவே சூடாகி வெடிக்கும். வெடிக்கும் டயர் பெரும்பாலும் காற்று குறைந்த டயர்தான்.

எனவே அளப்பது விடியற்காலை, வெயில் படும் முன், வண்டி நகரும் முன். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் மேல் எழுதியிருப்பது உச்சவரம்பு.

திரையில் ஐந்து சக்கரம் கூடி ஒன்று மட்டும் கூடாமல் இருந்தால் அதில்தான் கசிவு. பின்பக்க இரட்டையில் உள்சக்கரத்தை யாரும் அளப்பதில்லை. நீளமூக்கு அளவுகோல் ஒன்று வாங்கி அதையும் அளந்துவிடுங்கள். நிறுத்தும் இடங்களில் பக்கத்தில் வருபவர் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஆறு டயரையும் சக்கர நடுவையும் ஒரு சுற்றுச் சுட்டுப் பார்த்தால் போதும். வெயில்பட்ட பக்கம் கொஞ்சம் அதிகம் காட்டுவது இயல்பு. ஒரே பக்கத்தில் ஒரு டயர் மட்டும் 15 டிகிரி அதிகமென்றால் காற்று குறைவு. டயர் சரி, சக்கர நடு மட்டும் கொதிக்கிறது என்றால் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங்.

வண்டியை வாங்கும்போதே டயரின் வயதைப் பாருங்கள். ‘டாட்’ எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழு வருடம் தாண்டிய டயரோடு, பக்கச்சுவரில் முடிபோன்ற விரிசலோடு பாலைவனத்துக்குப் போக வேண்டாம், வேறு வண்டி கேளுங்கள்.

ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரு கணம் அப்படியே வைத்து வண்டி நேரானதும் மெல்ல விடுங்கள்.

கூட வருபவர் எரிந்து விழுகிறார், தலை வலிக்கிறது என்கிறார்

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் உடனே உலர்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று தோன்றும், உடம்போ லிட்டர் கணக்கில் இழந்துகொண்டிருக்கும். முதலில் கெடுவது நிதானம். முகாமில் நிறுத்தும் இடத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வரும் சண்டைகளில் பல இந்தக் கணக்கில் சேரும்.

தலைவலி, குமட்டல், களைப்பு, கெண்டைக்காலில் பிடிப்பு. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் வெப்பக் களைப்பு. நிழல், ஏசி, ஈரத்துணி, கால் உயர்த்திப் படுக்கை, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாலும் நல்லதுதான்.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று அவரே சொல்வதை நம்பக்கூடாது. தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஈரமாகவும் இருக்கலாம். 911-ஐ அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திராமல் குளிரவைக்கத் தொடங்குங்கள்: மேலாடையைக் களைந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. டெத் வேலியின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரக் குறுஞ்செய்தி வசதி உண்டு, திறந்த வானத்தின் கீழ் நின்று அனுப்ப வேண்டும். வெப்பம் 120 பாரன்ஹீட், அதாவது 49 டிகிரியைத் தாண்டினால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் அங்கே பொதுவாகப் பறக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நேர்மாறான கோளாறும் உண்டு. நாள் முழுக்க வெறும் தண்ணீராகவே குடித்து, சிறுநீர் நிறமற்றுப் போய், அதன்பின் தலைவலியும் வாந்தியும் வந்தால் உப்பு குறைந்திருக்கிறது. இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். மணிக்கு 1.4 லிட்டருக்குமேல் யாரும் குடிக்க வேண்டாம், கூடவே உப்புள்ள தின்பண்டம் இருக்கட்டும். கையிருப்புக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், அது குறைந்தபட்சம். இரண்டு பேர், ஐந்து நாள் என்றால் 40 லிட்டர், குடிக்க மட்டும்.

இன்னொன்று. ஜெனரேட்டர் ஓடும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிகிறது என்றால் அது வெயில் அல்ல, கார்பன் மோனாக்ஸைடு. இருவரும் உடனே வெளியே வாருங்கள், ஜெனரேட்டரை அணையுங்கள், 911-ஐ அழையுங்கள். புகைக்குழாய்ப் பக்கத்து ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும்; காற்று புகையை வண்டிக்கு அடியில் தள்ளும் திசையில் நிறுத்தக்கூடாது.

கூரை ஏசி ஓடுகிறது, குளிரவில்லை

முதலில் ஏசியைக் குறைசொல்லும் முன் அளந்து பாருங்கள். ஏசி உறிஞ்சும் காற்றின் வெப்பத்தையும் வெளிவிடும் காற்றின் வெப்பத்தையும் சாதாரணச் சமையல் தெர்மாமீட்டரால் அளந்தால் போதும். வித்தியாசம் 9 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. 13,500 பி.டி.யு. ஏசி ஒன்றால், 45 டிகிரி வெயிலில் நிற்கும் தகரப்பெட்டிக்குள் 30–32 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாமல் போவது இயல்பு. குறைக்க வேண்டியது சுமை: காலை ஒன்பது மணிக்கே, வண்டி சூடாகும் முன் போடுங்கள், முன்கண்ணாடிக்கு வெளிப்புறமாகத் திரை மாட்டுங்கள், கூரைத் துளைகளில் நுரைத் தக்கை செருகுங்கள், மதியத்தில் அடுப்பு வேண்டாம்.

வித்தியாசம் 9-க்குக் குறைவென்றால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அடுத்து உள் மூடியைக் கழற்றி, குளிர்காற்றுப் பாதைக்கும் உறிஞ்சும் பாதைக்கும் நடுவில் உள்ள தடுப்பு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் வந்த குளிரையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். அலுமினிய டேப் போதும்.

ஏசி போட்டதும் பிரேக்கர் விழுகிறது

முகாமில் வண்டிக்குக் கிடைப்பது 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி 13–14 ஆம்ப், மைக்ரோவேவ் 12, தண்ணீர் ஹீட்டரின் மின்சுருள் 12, பேட்டரி சார்ஜர் 5. கூட்டிப் பார்த்தாலே தெரியும். தண்ணீர் ஹீட்டரைப் புரொப்பேனுக்கு மாற்றிவிட்டு, மைக்ரோவேவ் ஓடும் மூன்று நிமிடம் ஏசியை நிறுத்துங்கள்.

வேறு எதுவும் ஓடாமல் ஏசி மட்டும் ஓடியும் விழுந்தால் வோல்டேஜைப் பாருங்கள். சுட்டெரிக்கும் மதியத்தில் முகாமிலுள்ள எல்லா வண்டியும் ஏசி போடும்போது வோல்டேஜ் சரியும். 108-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும். வோல்டேஜும் சரியென்றால் முகாமின் மின்கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனைகள் கறுத்தோ உருகியோ இருந்தால் வேறு கம்பம் கேளுங்கள். வெயிலில் வெந்த பிரேக்கர் தன் அளவுக்கு முன்பே விழுவதும் உண்டு.

ஜெனரேட்டர் இருமுகிறது, கிளம்பவில்லை

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஜெனரேட்டர் வண்டியின் டேங்கிலிருந்தே உறிஞ்சும், ஆனால் அதன் குழாய் கால் டேங்க் மட்டத்தில் நின்றுவிடும். நீங்கள் நடுவழியில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கால் டேங்குக்குக் கீழே என்றால் ஜெனரேட்டரில் கோளாறே இல்லை. அதற்குமேல் இருந்தும் கிளம்பாவிட்டால் எண்ணெய் அளவு, தூசியடைத்த காற்று வடிகட்டி, இந்த வரிசை. 1,000 அடி உயரம் கூடும்போதெல்லாம் அதன் திறன் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும், சூடும் குறைக்கும். 4,000 வாட் ஜெனரேட்டர் மலைமேல் ஏசியை மட்டும் தாங்கி மைக்ரோவேவைத் தாங்காதது அதனால்தான்.

பிரிட்ஜுக்குள் பால் திரிகிறது

ஆர்.வி. பிரிட்ஜ்களில் பல வீட்டு பிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸரில் ஓடுவதில்லை. புரொப்பேன் சுடரோ மின்சுருளோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி, அது தானாகவே வழிந்து சுற்றிவருவதில்தான் குளிர் உண்டாகிறது. அதனால் வண்டி சமமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரிக்கும் முன்பின்னாக 6 டிகிரிக்கும் மேல் சாய்ந்தால் கரைசல் தேங்கி நிற்கும். ஒரு ராத்திரி சாய்வில் விட்டால் குளிராது. பல ராத்திரி விட்டால் குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். போனில் உள்ள மட்டம் பார்க்கும் கருவியைப் பிரிட்ஜின் உள்தட்டில் வைத்துப் பாருங்கள்.

சமமாக இருந்தும் குளிரவில்லை என்றால் பின்பக்கச் சூடு வெளியேறவில்லை. பிரிட்ஜ் உள்ள பக்கம் வடக்கே பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். வெளி மூடியைக் கழற்றி, உள்ளே 12 வோல்ட் குட்டி விசிறி ஒன்றை மேல்நோக்கி வைத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அம்மோனியா வாடையோ மஞ்சள் பொடியோ தெரிந்தால் குழாய் வெடித்திருக்கிறது. அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், வழியில் சரிசெய்ய முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாளே பிரிட்ஜைப் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களை வையுங்கள். உள்ளே 4 டிகிரிக்குமேல் ஏறி இரண்டு மணி நேரமானால் பால், இறைச்சி, சமைத்தது எல்லாம் குப்பைக்கு. வெளியே 32 டிகிரிக்குமேல் கிடந்ததற்கு ஒரு மணி நேரம்தான். இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் பாதி டப்பாவுக்குமேல் நிரப்ப வேண்டாம். இந்தப் பிரிட்ஜின் மேல்தட்டில் மாவு புளிப்பது நிற்பதில்லை, பொங்கிவழிந்து கதவு ரப்பரை நாசம் செய்யும்.

புரொப்பேன் அலாரம் அடிக்கிறது, அல்லது டேங்கில் புஸ்ஸென்று சத்தம்

விட்டுவிட்டு ஒற்றைப் ‘பீப்’ என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அலாரத்துக்கு வயதாகிவிட்டது. தொடர்ந்து அடித்தால் சோதிக்க உட்காராதீர்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல் இருவரும் வெளியே வந்து, டேங்க் வால்வை மூடிவிட்டுக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அலாரத்தைத் தரையருகே வைத்திருப்பதும் அதனால்தான்.

மதிய வெயிலில் டேங்கிலேயே புஸ்ஸென்று வந்தால் அளவுக்குமீறி நிரப்பியிருக்கிறார்கள். 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். திரவம் விரிய இடமில்லாவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே விடும். சுடர், ஜெனரேட்டர், புகை எல்லாவற்றையும் நிறுத்தி, விலகி நில்லுங்கள். நின்ற பிறகு டேங்குக்கு நிழல் கட்டுங்கள்.

காலையில் விளக்கு மங்கல், தண்ணீர்ப் பம்ப் திணறல்

வீட்டுப்பக்கப் பேட்டரியை (எஞ்சினுக்கு அல்ல, உள்ளே விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தருவது) அளந்தால் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. இரவில் சார்ஜ் போட்டும் காலையில் 12.2-க்குக் கீழே என்றால், மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தண்ணீர் வற்றியிருக்கும். தகடுகள் மூழ்கும்வரை காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைத் தின்றுவிடும்.

உள்ளே சாக்கடை வாடை, கழிவு டேங்க் காலியாக இருந்தும்

சிங்க், ஷவர் அடியிலுள்ள வளைகுழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாடையைத் தடுக்கும். வறண்ட காற்றில் அது இரண்டு மூன்று நாளில் ஆவியாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. கழிவறையின் ரப்பர் வளையமும் காயாமல் மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும்.

பின்சக்கரம் மணலில் புதைகிறது

ஈ-450 முழுச்சுமையில் 14,500 பவுண்டு, ஆறரை டன். புகைப்படத்துக்காக ஓரத்தில் ஒதுங்கும் அந்த இரண்டடி மணலில்தான் பெரும்பாலும் மாட்டுகிறது. ஒதுங்கும் முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். குதிகால் ஒரு அங்குலத்துக்குமேல் புதைந்தால் வண்டியை விடாதீர்கள். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் போன்ற பாதைகளில் 25 அடிக்குமேல் நீளமான வண்டி விடவே கூடாது என்பதையும் நுழைவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வழுக்கிச் சுற்றியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு தரையைத் தொடும். வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கப் பாருங்கள், அது ஏற்கெனவே அமுங்கிய மணல். வரவில்லையென்றால் நான்கு பின்டயர்களுக்கும் பின்னால் மணலைச் சாய்வாக வெட்டியெடுத்து, பலகையோ கால்மிதியோ செருகுங்கள். காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கினால் பிடிப்பு கூடும், ஆனால் திரும்ப அடிக்கக் கம்ப்ரஸர் கையில் இருந்தால் மட்டும். வெளியே இருப்பவர் வண்டிக்குப் பின்னால் அல்ல, ஓட்டுபவரின் கண்ணாடியில் முகம் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். முகம் மறைந்தால் ஓட்டுபவர் நிறுத்திவிட வேண்டும். மண்வெட்டி வேலை பகல் பதினொன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே வேண்டாம்.

எதிரே பழுப்புச் சுவர்போல் தூசி எழுந்து வருகிறது

அரிசோனாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இது சகஜம், பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே ஐ-10-இல் குறிப்பாக. உள்ளே புகுந்து கடந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வெளியேறும் வழிக்கு நேரமில்லையென்றால் தார்ச்சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணையுங்கள். எச்சரிக்கை விளக்கும் கூடாது. கைபிரேக்கைப் போட்டு, கால்பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பின்னால் கண் தெரியாமல் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி அதை நோக்கியே ஓட்டிவருவார். சீட்பெல்ட் மாட்டியபடி இருங்கள். கடந்து போனதும் எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றி உதறிவிட்டுக் கிளம்புங்கள், ஜெனரேட்டரின் வடிகட்டியையும்.